நாற்பதும் முப்பத்தாறும்

ஹாதிக் சேரின் வகுப்பில் எந்தப் பிழை நடந்தாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான்: டைப்பிங் பிழை. பலகையில் ஒரு விடையும் அச்சடித்துக் கொடுக்கிற டியூட்டில் வேறொரு விடையும் வந்தால் டைப்பிங் பிழை. வினாவில் வட்டத்தின் ஆரை கொடுபடாமல் போனால் டைப்பிங் பிழை. ஒருமுறை ஒரே வினாவை இரண்டு தரம் எழுதிக் கொடுத்துவிட்டு அதையும் டைப்பிங் பிழை என்று சொல்லித் தப்பியிருக்கிறார் மனுசன். கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வார்த்தை மனப்பாடம். அந்த டைப்பிங்கைச் செய்கிற மனுசி யாரென்பது மட்டும் அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது, சஹ்லாவைத் தவிர. சஹ்லா அவளுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை.

அந்த மனுசியின் பெயர் ஸில்மியா. சாய்ந்தமருதில் கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை இப்பால் வீடு. வயது முப்பத்தேழு. புருசன் நஸீர் ஓட்டோ ஓட்டுகிறான். ஆறு வருசமாக ஹாதிக் சேரின் டியூட் எல்லாம் இவள் கையால்தான் போகிறது. சேர் தாளில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புவார். இவள் அதைக் கணினியில் அடித்து, கப்பியும் இழையும் சாய்தளமும் கீறி, அச்சகத்துக்கு அனுப்புவாள். அச்சகத்திலிருந்து கட்டு நேரே வகுப்புக்குப் போய்விடும். இந்த ஆறு வருசத்தில் சேரை அவள் நேரில் கண்டதே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம். அந்தக் குரலும் வரவரக் கட்டையாகிக்கொண்டு வந்தது, பாவம், நாளொன்றுக்கு மூன்று ஊரில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் என்று கத்தினால் எந்தத் தொண்டைதான் தாங்கும்.

ஆனால் ஸில்மியா கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள் இல்லை. ஒவ்வொரு கணக்கையும் முதலில் பழைய தாளின் பின்பக்கத்தில் தானே செய்து பார்ப்பாள். விடை ஒத்துவந்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை, யாருக்கும் சொன்னதுமில்லை. அவளும் ஒரு காலத்தில் கணிதப் பிரிவில் படித்தவள், பொறியியல் பீடத்துக்குப் போகப் போகிறாள் என்று ஊரே சொன்ன பிள்ளை. போகவில்லை. கலியாணம் முடித்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், சமைத்தாள், தைத்தாள். ஆனாலும் கணக்கு ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இராது. அது ஒரு பசி மாதிரித்தான் அவளுக்கு.

அன்று புதன்கிழமை. உயர்தரச் சோதனைக்கு இன்னும் எட்டு நாள். சனிக்கிழமை கல்முனையில் சேரின் கடைசிப் பெரிய கருத்தரங்கு, நானூறு பிள்ளைகள். சுழற்சி இயக்கத்தில் நாற்பது கணக்கும் விடைகளும் எழுதி அனுப்பியிருந்தார். அவசரத்தில் எழுதியது கையெழுத்திலேயே தெரிந்தது. ஸில்மியா சோற்றை உலையில் போட்டுவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனாள். இருபத்தாறு வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை.

இருபத்தேழாவது கணக்கு இலேசானதுதான். நாலு கிலோகிராம் திணிவுள்ள வட்டத்தட்டு ஒன்று கப்பியாகத் தொங்குகிறது. அதன்மேல் ஓர் இழை. இழையின் ஒரு முனையில் ஐந்து கிலோ, மற்ற முனையில் மூன்று கிலோ. விட்டுவிட்டால் பாரங்கள் என்ன ஆர்முடுகலில், அதாவது வேகம் என்ன வீதத்தில் கூடிப் போகும் என்பது முதல் பகுதி. ஒரு மீற்றர் போனபின் கப்பியிடம் எவ்வளவு இயக்கச் சக்தி இருக்கும் என்பது இரண்டாம் பகுதி. ஸில்மியாவுக்கு ஆர்முடுகல் இரண்டு என்று வந்தது. சேரின் தாளைப் பார்த்தாள். இரண்டரை என்று எழுதி, அதைச் சுற்றிப் பெட்டியும் கட்டியிருந்தார்.

அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. சேர் பிழை விட்டதற்காக அல்ல. அந்த இரண்டரையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால், சோதனை மண்டபத்தில், இதே மாதிரிக் கணக்கில் இதே மாதிரிப் பிழையைத்தான் அவளும் எழுதினாள். கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பிழை அது, வேறு யாரும் விடமாட்டார்கள். இணைந்த கணிதத்தில் வருகிற கப்பி எப்போதும் இலேசான கப்பி, ஒப்பமான கப்பி. அதற்குப் பாரமே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் இழையின் இரண்டு பக்கமும் ஒரே இழுவை. இரண்டு வருசமாக ஆயிரம் கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே எழுத்தைப் போட்டுப் போட்டு, கை அதற்குப் பழகிவிடும். பிறகு பௌதிகவியலில் கப்பிக்குத் திணிவு கொடுத்து, அது சுழலவும் சுழலும்போது, மூளை சொல்வதற்கு முன்னமே கை அந்த ஒரே எழுத்தை இரண்டு பக்கமும் போட்டுவிடும். ஸில்மியா மண்டபத்தை விட்டு வெளியே வந்து படியில் கால் வைக்கும்போதுதான் அவளுக்கு அது விளங்கியது. படியிலேயே இருந்துவிட்டாள். கொஞ்சப் புள்ளியில்தான் பீடம் தவறியது. அந்த ஒரு கணக்கினால்தான் தவறியது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸில்மியா சொல்லுவாள்.

சேருக்கு அழைத்தாள். எடுக்கவில்லை, வகுப்பில் இருப்பார். குரல் செய்தி போட்டாள். அதைக் கேட்காமலே பதில் வந்தது: "அனுப்பிட்டீங்களா? அச்சகத்தில கேட்டுட்டே இரிக்காங்க." அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பவும் விசைப்பலகைக்கு வந்தாள். பிறகு இருபத்தேழாவது கணக்கின் விடையைத் தன் கணக்குப்படியே அடித்தாள். இரண்டு பக்கமும் இரண்டு இழுவை, ஒன்று நாற்பது நியூற்றன், மற்றது முப்பத்தாறு, ஆர்முடுகல் இரண்டு. சேருக்கும் எழுதினாள்: 'இருபத்தேழில் சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன் சேர், பாருங்கள்.' சேர் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் சஹ்லா கருத்தரங்கால் நேரே இவள் வீட்டுக்குத்தான் வந்தாள். அபாயாவெல்லாம் வேர்வை. கதிரையில் பொத்தென்று இருந்து, டியூட்டை எடுத்து விசிறிக்கொண்டாள்.

"ராத்தா, கவலப்படாதீங்க. இருவத்தேழில நீங்க ஒரு பிழை விட்டிரிக்கீங்க," என்றாள், ஆறுதல் சொல்கிற குரலில். "சேர் போர்ட்ல செய்யக்குள்ள ரெண்டரை வந்த. டியூட்ல ரெண்டு. டைப்பிங் பிழை, வெட்டுங்க எண்டார். எல்லாரும் வெட்டின."

ஸில்மியா டியூட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் அடித்த விடையின் குறுக்கே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. பக்கத்தில், சஹ்லாவின் அழகான கையெழுத்தில், இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. கீழே இரண்டரை, சுற்றிப் பெட்டி.

"எத்தின பேர் வெட்டின?"

"எல்லாரும்தான். நானூறு பேரும். சேர் பகிடியும் விட்டார், டைப் பண்ற ஆளுக்குக் கப்பியக் கண்டா பயம்போல எண்டு." சொன்ன பிறகுதான் சஹ்லா நாக்கைக் கடித்தாள்.

"சஹ்லா, ரெண்டுதான் மகள் சரி. அந்தக் கப்பிக்குப் பாரம் இரிக்கி, பாரு."

சஹ்லா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். ஸில்மியா ராத்தா நல்லவ, ஆனால் சேர் சேர்தானே. "சேரே போர்ட்ல செஞ்சார் ராத்தா," என்றாள் மெதுவாக. "அவர் பிழை விடுவாரா?" டியூட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பகிடி கிடக்கட்டும், ஆறு வருசமாக எத்தனையோ பிழையைச் சுமந்த தோள் இன்னொன்றையும் சுமக்கும். ஆனால் நானூறு பிள்ளைகள் சரியான விடையைத் தங்கள் கையாலேயே வெட்டிவிட்டு, பிழையைப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மண்டபத்தில் கப்பி வந்தால் அந்தப் பெட்டிதான் ஞாபகத்தில் வரும். அவர்களில் எத்தனை பேர் படியில் இருக்கப் போகிறார்களோ. இரண்டு நாளாகச் சேருக்குச் செய்தி மேல் செய்தி. ஒன்றுக்கும் பதிலில்லை. சோதனை நெருங்கினால் சேரின் போன் மீன் சந்தை மாதிரி, யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

திங்கட்கிழமை பகல் சாப்பாட்டில் நஸீரிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், பதினெட்டு வருசத்துப் படியையும் சேர்த்து. நஸீர் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ நேர போய்ப் பிழையெண்டு சொன்னா, அந்த மனுசன் வேற ஆளப் பாப்பாரு. அதத் தெரிஞ்சிதானே கதைக்கிறாய்?"

"ஓம்."

"அந்த டியூட் இல்லாட்டி நீ என்ன செய்வாய்? கணக்கில்லாட்டி உனக்குச் சோறும் இறங்காது."

ஸில்மியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய தாளின் பின்பக்கத்தில் அவள் செய்வது இவனுக்குத் தெரியும். இத்தனை வருசமும் தெரிந்துகொண்டுதான் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறான்.

"தெரியும்," என்றாள். "அதுக்காகப் புள்ளையளப் பிழையோட அனுப்பேலுமா?"

நஸீர் கையைக் கழுவினான். "சரி, வெளிக்கிடு. இண்டைக்கு மருதமுனையில கடைசி வகுப்பாம். அஸருக்கு விடக்குள்ள புடிக்கலாம். கப்பிக்காக ஓட்டோ புடிச்சிப் போற முதல் பொம்புளை நீதான்."

மருதமுனையில் வகுப்பு நடக்கிற மண்டபம் ஒரு நீளமான தகரக் கொட்டில். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நடுவில் பலகை மறைப்பு, இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வெள்ளைப்பலகை. அயலில் எங்கோ தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தொழுகைக்கு விட்டு, சேர் பள்ளிவாசலால் திரும்பி வந்து, வாசலில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸில்மியா நினைத்திருந்ததை விட மெலிந்த ஆள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

ஸலாம் சொல்லித் தான் யாரென்று சொன்னாள். சேரின் முகம் மலர்ந்து, பிறகு உடனே சுருங்கியது.

"அந்த இருவத்தேழு. ஏன் அப்பிடிச் செஞ்சீங்க? உங்கள டைப் பண்ணத்தானே சொன்ன. விடைய மாத்தச் சொல்லல்லியே. நானூறு புள்ளையளுக்கு முன்னால நான் தடுமாறிப் போனன்."

"உங்களுக்குச் செய்தி போட்டன் சேர்."

"நான் எங்க பாத்த."

"இப்ப பாருங்க சேர், ரெண்டு நிமிசம்." அவள் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். "நான் இழுவையக் கதைக்கல்ல. சக்தியை மட்டும் பாப்பம். அஞ்சு கிலோ ஒரு மீற்றர் இறங்குது, அம்பது யூல். மூணு கிலோ ஒரு மீற்றர் ஏறுது, முப்பது யூல். கையில மிச்சம் இருவது யூல். சரியா சேர்?"

"சரி."

"நீங்க சொன்ன ரெண்டரைப்படி பாத்தா, ரெண்டு பாரத்துக்கும் சேத்து இயக்கச் சக்தி இருவது யூல். எல்லாம் முடிஞ்சி போச்சி. ஆனா அடுத்த பகுதியில கப்பிக்கு அஞ்சு யூல் எண்டு எழுதிரிக்கீங்க. அந்த அஞ்சும் எங்கால வந்த சேர்?"

சேர் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். தாளை வாங்கினார். உதடு அசைய ஒரு தரம் கூட்டினார், இன்னொரு தரம் கூட்டினார். பிறகு கோப்பையை மதிலில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலையில நாலு மணித்தியாலம் இணைந்த கணிதம் எடுத்துட்டு வந்து எழுதின," என்றார். கோபமெல்லாம் எங்கே போனதோ, கட்டைக் குரல் மட்டும் மிச்சம். "கை தன்னால போட்டுட்டு."

"தெரியும் சேர். எனக்கும் போட்டது, சோதினையில."

சேர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"மூணு நாள்ல சோதினை," என்றார் மெதுவாக. "இப்ப போய் நான் பிழையெண்டு சொன்னா, புள்ளையள் மத்த முப்பத்தொம்பது விடையையும் சந்தேகப்படும். நம்பிக்கை போயிரும். அது இந்த ஒரு கணக்க விடப் பெரிய நட்டம் இல்லியா?"

ஸில்மியா இதை எதிர்பார்க்கவில்லை. நியாயம் இல்லாத பேச்சுமில்லை. ஆனால் அவள் பதினெட்டு வருசமாக யோசித்த விசயம் இது, பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

"உங்கள நம்பிப் பிழையா எழுதிறத விட, உங்களச் சந்தேகப்பட்டு ஒருக்கா செஞ்சி பாத்தா நல்லந்தானே சேர்," என்றாள்.

சேர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸில்மியா ஓட்டோவருகே வந்து நின்றாள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாள். நாளையிலிருந்து போனில் கணக்கு வராது. சொன்னதற்காகக் கவலைப்படவில்லை, வராமல் போகப்போகிற கணக்குகளுக்காகத்தான் கவலைப்பட்டாள். நஸீர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவை எடுக்கச் சாவியைத் திருப்பினான். அப்போது உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது.

"கருத்தரங்கு டியூட்ட எடுங்க. இருவத்தேழு."

ஸில்மியா நஸீரின் தோளைத் தொட்டாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"சனிக்கிழமை உங்களுக்கு வெட்டச் சொன்ன விடைதான் சரி. நான் போர்ட்ல செஞ்சது பிழை. டைப்பிங் பிழை இல்ல, என்ட பிழை. கப்பிக்குப் பாரம் இரிக்கிறத மறந்துட்டன். மத்த ஊர் வகுப்புகளுக்கும் இப்பவே குரூப்பில போடுறன்." உள்ளே ஒரு சலசலப்பு எழுந்தது. சேர் இருமினார், தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "ஒரு விசயம். மத்தக் கணக்குகளையும் நீங்களே ஒருக்கா செஞ்சி பாருங்க. நான் சொன்ன எண்டு விடாதீங்க."

பிறகு சேர் வாசலுக்கு வந்து நின்றார். "உள்ளுக்கு வாங்க," என்றார். "எனக்குத் தொண்டை போயிட்டு. நீங்க திருத்தின கணக்கு, நீங்களே செஞ்சி காட்டுங்க."

ஸில்மியா நஸீரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போ," என்றான் அவன். "நான் எங்க போற."

மண்டபத்துக்குள் விசிறிகளின் சத்தம் மட்டும். மறைப்பின் இரண்டு பக்கமும் தலைகள். சேர் மார்க்கரை நீட்டிவிட்டு, பெண் பிள்ளைகள் பக்கத்துச் சுவரோரம் போய் ஒரு கதிரையில் இருந்துகொண்டார். ஸில்மியா பலகையில் கப்பியைக் கீறினாள். கணினியில் ஆயிரம் வட்டம் கீறியவளுக்குக் கையால் கீறிய வட்டம் கொஞ்சம் நெளிந்துதான் வந்தது. ஐந்து கிலோப் பக்கம் ஓர் இழுவை, ஒன்று என்று இலக்கம் போட்டாள். மூன்று கிலோப் பக்கம் இன்னோர் இழுவை, இரண்டு என்று போட்டாள். பதினெட்டு வருசத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய இலக்கங்கள்.

முன் வரிசையில் இருந்த ஒரு மெல்லிய பிள்ளை கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒரே இழைதானே. பொறகு எப்பிடி ரெண்டு பக்கமும் வேற வேற இழுவை வரும்?"

டீச்சர் என்று அவளை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. ஸில்மியா பலகையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தா, அந்தக் கப்பியத் திருப்பிறது யாரு மகள்?"

பிள்ளையின் புருவம் சுருங்கியது. பிறகு முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கேட்டு நம்பினால் வருகிற முகமல்ல அது, தானே கண்டுபிடித்தால் வருகிற முகம். குனிந்து மளமளவென்று எழுதத் தொடங்கினாள். பின்னால் தாள் புரளும் சத்தம் மறைப்பின் இரண்டு பக்கமும் எழுந்தது.

ஸில்மியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. ஆர்முடுகல் இன்னும் காணவில்லை, பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பலகைப் பக்கம் திரும்பி அடுத்த வரியை எழுதினாள்.